சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பளபளப்பு?

கேள்வி: மெராந்தி மரத்தில் சாப்பாட்டு மேசை செய்து, எண்ணெய் வகை பாலியூரித்தேன் வார்னிஷ் (சாட்டின், அதாவது மிதமான பளபளப்பு) மூன்று கோட் அடித்தேன். முதல் கோட் நன்றாக மின்னியது. கடைசிக் கோட் மங்கி, பட்டை பட்டையாகத் தெரிகிறது. டின் கெட்டுப்போனதா? பேசாமல் முழுப் பளபளப்பு தரும் கிளாஸே (gloss) அடித்துவிடலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

டின் கெடவில்லை, சரியாகக் கலக்கவில்லை, அவ்வளவுதான். கிளாஸ், சாட்டின், பளபளப்பில்லாத மேட் எல்லாமே அடிப்படையில் ஒரே வார்னிஷ். சாட்டினிலும் மேட்டிலும் நுண்ணிய சிலிக்கா பொடி சேர்க்கிறார்கள். பூச்சு காயும்போது அந்தப் பொடி மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. டின் சும்மா இருந்தால் பொடி அடியில் இறங்கிவிடும். தெளிந்த மேல்பகுதியை முதலில் அடித்தீர்கள், மின்னியது. வண்டல் முழுக்கக் கடைசிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது.

தட்டையான குச்சியால் டின்னின் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள். குச்சி நுனியில் கூழ் போல ஒட்டி வருவது நின்றால்தான் பொடி முழுதும் கலந்திருக்கிறது. குலுக்க வேண்டாம், குமிழி வரும். அடிக்கும்போதும் இடையிடையே ஒரு கலக்கு.

கிளாஸ் உங்கள் மேசைக்கு வேண்டாம் என்பேன். விரல்தடம், கீறல், தூசு எல்லாவற்றையும் அது எடுத்துக்காட்டும். மேலே தொங்கும் விளக்கு கண்ணில் அடிக்கும். மேட் அடித்தால் முழங்கை உரசும் இடம் மட்டும் நாளாவட்டத்தில் மினுங்கத் தொடங்கும். தினமும் துடைக்கிற மேசைக்குச் சாட்டின்தான் பொருத்தம். கிளாஸ் ஆசை இருந்தால் சாமி மாடத்துக்கு அடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் சுலபம்.

பளபளப்பைத் தீர்மானிப்பது கடைசிக் கோட் மட்டுமே. அடுத்த முறை அடிக்கோட்டுகளைக் கிளாஸில் அடித்து, மேலே மட்டும் சாட்டின் கொடுங்கள். மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியும்.

இப்போதைக்கு, 320 மணல்தாளால் மேசை முழுவதும் ஒரே சீராக மங்கும்வரை லேசாகத் தேயுங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் பூச்சு காய்ந்திருக்கிறது. தாளில் உருண்டு ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் டின்னில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப முடியாது. மழை இல்லாத நாளில், தூசியைத் துடைத்துவிட்டு, ரேகையின் போக்கிலேயே முனைக்கு முனை பிரஷை இழுத்து ஒரே ஒரு கோட் அடியுங்கள். பூச்சு இழுபடத் தொடங்கிய பிறகு திரும்பத் தொடாதீர்கள். பட்டை விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் விட்டுப்போன இடம் உடனே தெரியும்.

வார்னிஷ் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் வகை வார்னிஷ் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிட்டு, அப்புறம் எறியுங்கள்.

மேசைவிரிப்பும் சூடான பாத்திரமும் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.