ஜெர்மன் விரிவுரை புரியுமா? பரிமாற்ற மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கோவையில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபரில் தொடங்கும் செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கப் போகிறேன். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறிவிட்டேன், அடுத்த நிலையான பி2 படித்துக்கொண்டிருக்கிறேன். கடையிலும் ரயில் நிலையத்திலும் சமாளித்துவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இணையத்தில் ஒரு ஜெர்மன் விரிவுரையைக் கேட்டபோது பத்தாவது நிமிடத்தில் எதுவுமே பிடிபடவில்லை. பேசாமல் ஆங்கில வழிப் பாடங்களுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். பயம் போகவில்லை என்றால் ஒரு பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட விரிவுரையில் பாடமும் புதிது, மொழியும் புதிது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்கள். ஜெர்மன் கற்பிக்கும் எனக்குப் பரிமாற்ற மாணவர்களைத் தயார் செய்து அனுப்பிப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அங்கே தடுமாறியவர்களில் பெரும்பாலோர் இலக்கணத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். ஊரில் படித்த முறையிலேயே அங்கும் படித்தவர்கள்.

நம் கல்லூரிகளில் முதலில் வகுப்பில் கேட்கிறோம், பிறகு வீட்டுக்கு வந்து படிக்கிறோம். அந்நிய மொழியில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் படியுங்கள், பிறகு போய்க் கேளுங்கள். பல பேராசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்பை மூடுல் அல்லது இலியாஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். அதற்கு ‘ஸ்கிரிப்ட்’ என்று பெயர். முந்தைய நாள் மாலை, அந்த அத்தியாயத்தின் பொருளை உங்களிடம் உள்ள ஆங்கிலப் பாடநூலில் ஒரு மணி நேரம் படியுங்கள். அதன் பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் இருபது சொற்களை மட்டும் கையால் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் 90 நிமிட விரிவுரையில் அந்த இருபதும் உங்கள் காதில் தனித்து விழும். இடையில் உள்ளதைப் பாடம் தெரிந்த மனம் நிரப்பிக்கொள்ளும். விரிவுரை முழுவதையும் கேட்டு மொழிபெயர்க்க முயன்றால் அரை மணி நேரத்தில் களைத்துப்போவீர்கள்.

இதே காரணத்துக்காகத்தான், நான்கு பாடம் எடுத்தால் அவற்றில் ஒன்றாவது இங்கே ஏற்கனவே படித்ததாக இருக்கட்டும் என்கிறேன். பொருள் வலிமையியல் இங்கே முடித்திருப்பீர்கள். அங்கே அதை ‘ஃபெஸ்டிஹ்கைட்ஸ்லேரெ’ என்பார்கள். கொஞ்சம் மேற்பட்ட நிலையில் அதையே எடுங்கள். பாடம் கைவசம் இருக்கும்போது மொழியை மட்டும் கவனிக்கலாம். உங்கள் கல்லூரி அதற்கு மதிப்பெண் தருமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மனில் ஓர் அனுகூலம் இருக்கிறது. பள்ளியிலிருந்தே ஆங்கிலம் வழியாக யோசித்துப் பழகியதால் அதை நாம் கவனிப்பதில்லை. ‘வைல் இஹ் கெஸ்டர்ன் க்ராங்க் வார்’ என்ற துணைவாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்துப் பாருங்கள்: ‘ஏனெனில் நான் நேற்று நோயுற்று இருந்தேன்’. வரிசை அப்படியே பொருந்துகிறது. வினை வரும்வரை காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் மாற்றிப் பார்க்கும்போதுதான் அந்த வினையை முன்னால் தேடி அலைகிறோம். நீண்ட கூட்டுச்சொற்களும் அப்படியே. ‘வெர்மெ’ என்றால் வெப்பம், ‘ஊபர்ட்ராகுங்’ என்றால் பரிமாற்றம். சேர்த்தால் வெப்பப் பரிமாற்றம். தலைச்சொல், அதாவது முதன்மைச் சொல், நம்மைப்போலவே கடைசியில் வருகிறது. ஆகவே குறிப்பேட்டில் ஜெர்மன் சொல்லுக்கு எதிரே தமிழை எழுதுங்கள். நடுவில் ஆங்கிலத்தை நுழைக்காதீர்கள். பொறியியல் கலைச்சொல்லுக்கு ஆங்கிலம்தான் உடனே நினைவுக்கு வருகிறது என்றால் அதை எழுதிக்கொள்ளலாம். வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மட்டும் தமிழின் வழியே போங்கள்.

மொழி புரிந்தும் சறுக்குகிற இடம் எண்கள். 47 என்பதை அவர்கள் ‘ஏழும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் முதலில் விழும் ஏழை உடனே எழுதிவிட்டால் 74 ஆகிவிடும். கரும்பலகையில் எழுதும் ஒன்றுக்கு நீண்ட மூக்கு இருக்கும், அதை நாம் ஏழு என்று படித்துவிடுவோம். அவர்களுடைய ஏழில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். தசமத்துக்கு அவர்கள் காற்புள்ளி இடுகிறார்கள், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைக்கிறார்கள். எஃகின் மீட்சிக் குணகம் பலகையில் 210.000 என்று இருக்கும். அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் நியூட்டன். இருநூற்றுப் பத்து என்று எழுதிக்கொண்டால் கணக்கு முழுவதும் ஆயிரம் மடங்கு பிசகும். மின்னியல் பாடத்தில் மின்னழுத்தத்தின் குறியீடு ‘வி’ அன்று, ‘யூ’. தினமும் பத்து நிமிடம் தொலைபேசி எண்களையும் விலைகளையும் யாரையாவது ஜெர்மனில் வாசிக்கச் சொல்லி எழுதிப் பழகுங்கள். இந்த ஒரு பயிற்சியைக் கிளம்பும் நாள்வரை விடாதீர்கள்.

நேரமும் எண்தானே. ‘ஹால்ப் டிராய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பாதி மூன்று’. பொருள் இரண்டரை மணி. நான் அனுப்பிய ஒரு மாணவர் அதை மூன்றரை என்று எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. மாணவர்களைச் சந்திக்கும் நேரத்துக்கு ‘ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டெ’ என்று பெயர், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான். ஏழு நாள் காத்திருந்தார். அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘ட்ஸே.டே.’ என்ற இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். ‘எஸ்.டே.’ என்று இருந்தால் சரியாகப் பத்துக்கு.

விரிவுரையைவிட உங்களுக்கு அதிகம் உதவப்போவது ‘ஊபுங்’ என்ற பயிற்சி வகுப்பும், மூத்த மாணவர்கள் நடத்தும் ‘டூட்டோரியும்’ என்ற சிறு குழுவும். அங்கே வாய் திறந்து கேட்கலாம். ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் முதலிலிருந்து இன்னும் வேகமாகச் சொல்வார்கள். ‘மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரிக்கு எப்படி வந்தோம்?’ என்று இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சக மாணவர்களிடம் ‘டூ’ என்று ஒருமையில் பேசலாம், தயங்க வேண்டாம். பேராசிரியரிடம் ‘ஸீ’ என்று மரியாதையாகப் பேசுங்கள். பேச்சைப் பதிவு செய்ய விரும்பினால் முன்னதாக அனுமதி கேளுங்கள். கேட்காமல் பதிவு செய்வது அங்கே பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் பகுதியில் முடியும், தேர்வுகள் அதையொட்டி வரும். தேர்வுப் பதிவுக்கான கெடுவோ பல இடங்களில் அதற்கு வெகு முன்னால் முடிந்துவிடும். தவறவிட்டால் பாடத்தை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே துறையின் தேர்வு அலுவலகத்தில் தேதியைக் கேட்டு, நாட்காட்டியில் எழுதுங்கள். இங்கே உள்ளதுபோல உள்மதிப்பீட்டு மதிப்பெண் பெரும்பாலும் இருக்காது. இறுதித் தேர்வு ஒன்றுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். 1,0 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4,0 வரை தேர்ச்சி. பழைய வினாத்தாள்களுக்கு ‘ஃபாஹ்ஷாஃப்ட்’ எனப்படும் துறை மாணவர் மன்றத்தை அணுகுங்கள். அகராதி கொண்டுபோகலாமா என்று ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடச்சுமையை ஈசிடிஎஸ் என்ற புள்ளிகளால் அளக்கின்றன. ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதாவது 6 புள்ளிப் பாடம் ஒன்றுக்கே 150 மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் மொழி தெரிந்தவருக்கு. உங்கள் கல்லூரி அனுமதித்தால் 20 புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி நேரத்தைப் பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புக்குக் கொடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, காது அடைத்துக்கொண்டதுபோல எந்த மொழியுமே உள்ளே போகாது. ஏறக்குறைய எல்லாருக்கும் வருவதுதான். அன்று புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டுக்கு அழைத்துத் தமிழில் பேசிவிட்டுத் தூங்குங்கள்.

முதல் விரிவுரைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் மூன்றாம் வரிசைக்குள் உட்காருங்கள், பேச்சோடு பேசுபவரின் வாயசைவும் தெரியும். பேராசிரியர் முடித்ததும் அரங்கம் முழுக்க மடக்கிய விரல்களால் மேசையைத் தட்டும் சத்தம் எழும். அங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான். நீங்களும் தட்டுங்கள்.