காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் பிக்கப்: பேட்டரியா, பம்பா?

கேள்வி: காரட் லோடு அடிக்க, மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் டீசல் பிக்கப் வாங்கினேன். அங்கே சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. கேத்திக்கு வந்ததிலிருந்து விடியற்காலையில் படுத்துகிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஐந்தாறு முறை அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் தடதடக்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் டீசல் பம்பைச் சரிசெய்ய 30,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது? விற்றவரிடம் கேட்க முடியுமா?
- வாசகர், கேத்தி

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்கிறீர்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் அது இழுத்து இழுத்துத்தான் சுற்றும். வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியே வரும் டீசல். அப்படியென்றால் பம்ப் டீசலை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே பற்றவைக்கச் சூடு போதவில்லை. புகையே வராமல் சும்மா சுற்றினால்தான் டீசல் லைனில் காற்றுப் புகுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

டீசல் என்ஜினில், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், உங்கள் கேத்திக்குப் பக்கத்திலுள்ள ஊட்டி 2,240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கூடவே பனிக்காலக் குளிர். கீழே மறைந்திருந்த குறை மேலே வந்ததும் தெரிகிறது, அவ்வளவுதான்.

என் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், அதாவது குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் பிளக். நான்கில் இரண்டு போயிருந்தாலே நீங்கள் சொல்வது போலத்தான் நடக்கும். சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்ததும் பிளக்குக்குச் சுமார் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃப்யூஸ். வந்தால், சாவியை ஆஃப் செய்து வயரைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும். போன பிளக்கில் மீட்டர் அசையாது.

பிளக் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது என்ஜின் காற்றைப் போதுமான அளவு அழுத்துகிறதா என்ற சோதனை. அதில் அளவு குறைந்தால் செலவு பெரியது. அதனால் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம்: மத்தியானம் சூடான வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் யாராலும் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரியே பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக் கையாலேயே முதல் ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள்.

அதுவரை, சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஏர் கிளீனரில் ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று தீப்பற்றும் திரவம்) அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் வெடித்து என்ஜினே கெட்டுப்போகும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். என்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைகொடுக்காது. நம் கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிரோடு விளையாடுவது.

விற்றவர் வியாபாரி என்பதால் நுகர்வோர் சட்டத்தில் வழி இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அது பொருந்தாது. வண்டி உங்கள் பிழைப்புக்காக, நீங்களே ஓட்டுவது என்பதையும் காட்ட வேண்டும். ஆனால் ஹீட்டர் பிளக் தேய்மானப் பொருள், அதற்காக வழக்குப் போடுவது வீண். கம்ப்ரஷன் குறைந்திருந்து, என்ஜின் நல்ல நிலையில் இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தால் விடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.