டீச்சரிடம் கேளுங்கள்: கடல் தாண்டிய பள்ளிக்கூடமும் நம்ம ஊர்ப் பிடியரிசியும்

இந்த மாதம் வந்த தபாலில் நாலு கடிதங்கள் ஒரே விஷயத்தை, அமெரிக்கப் பள்ளிகளோடு நமக்கு ஏற்படும் தொடர்பை, சுற்றி வந்திருக்கின்றன. அதனால் மற்றதை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த நாலுக்கும் பதில் எழுதுகிறேன்.

"என் மகள் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பேரனை அங்கே ஒரு 'எபிஸ்கோபல் டே ஸ்கூல்' என்ற சின்னப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் சைவக் குடும்பம். தினமும் கோயில் மாதிரி ஒரு இடத்தில் உட்கார வைக்கிறார்கள் என்று பேரன் சொன்னதிலிருந்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை. அக்டோபரில் அங்கே போகிறோம். அது என்ன பள்ளி டீச்சர்?" (வாசகி, சுரண்டை)

டே ஸ்கூல் என்றால் ஹாஸ்டல் கிடையாது, காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற பள்ளி, அவ்வளவுதான். எபிஸ்கோபல் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, மேற்பார்க்கிறவர் என்று அர்த்தம், நாம் பிஷப் என்கிறோமே அவர்தான். இங்கிலாந்துத் திருச்சபையாக அமெரிக்காவுக்குப் போன சபை அது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய பிறகு அங்கே உள்ள குருமார் இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாது, பிரமாணம் எடுக்காமல் இங்கிலாந்தில் பிஷப் ஆகவும் முடியாது. அப்புறம் சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்து போய் அபர்டீன் ஊரில் 1784-ல் பிஷப்பாக அபிஷேகம் வாங்கி வந்தார். அதற்கு அடுத்த வருஷம், 1785-ல், நம்ம பாளையங்கோட்டையில், நெல்லைச் சபையின் தொடக்கக்கால விசுவாசியான குளோரிந்தா அம்மா கட்டிய கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டை ஆனது. நம்ம ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையும் அமெரிக்க எபிஸ்கோபல் சபையும், இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள ஒரே ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். பேரன் சொன்ன இடத்துக்குச் சாப்பல் என்று பெயர். சில பள்ளிகளில் தினமும், சில பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு சின்ன வாசிப்பு, பள்ளியின் குருவானவரான சாப்ளின் சொல்லும் நாலு வார்த்தை, கொஞ்சம் அமைதி. இந்தப் பள்ளிகளில் யூதப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள், எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். எல்லாச் சமயத்தாரையும் சேர்த்துக்கொள்வது தங்கள் விசுவாசத்தின் ஒரு பகுதி என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ நிறுவனங்களான ஜான்ஸிலும் சேவியரிலும் நெற்றி நிறைய விபூதியோடு எத்தனை தலைமுறை படித்து வந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவரே அப்படிப் படித்தவராகக்கூட இருப்பார். இருந்தாலும் மனதில் இருப்பதை மனதிலேயே வைக்க வேண்டாம். போனதும் சாப்ளினை நேரில் பார்த்து, "எங்கள் வீட்டில் இப்படிக் கும்பிடுகிறோம், பிள்ளை எதில் கலந்துகொள்வான், எதில் சும்மா உட்காருவான்" என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்டோபரில் போகிறீர்கள் என்றால் ஒன்று பார்க்கக் கிடைக்கலாம். விலங்குகளிடம் அன்பு காட்டியவர் என்று சொல்லப்படும் புனிதர் அசிசி பிரான்சிஸின் நாள் அக்டோபர் 4. அதையொட்டி இந்தப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் வீட்டு நாய், பூனை, முயல், ஆமை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள், குருவானவர் ஒவ்வொன்றின் தலையிலும் கைவைத்து ஆசி கொடுப்பார். மாட்டுப்பொங்கலன்று நாம் மாட்டுக்குப் பொட்டு வைப்பது ஞாபகம் வரும். தாத்தா ஆச்சிமார்களைக் கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைக்கும் நாளும் பல பள்ளிகளில் உண்டு. சின்னப் பள்ளியின் அழகே அதுதான். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்து வருஷம் முழுக்கச் சாப்பலுக்குக் கூட்டிப் போகும், ஒருத்தன் வரவில்லை என்றால் எல்லோருக்கும் தெரியும். பேரன் கைபிடித்துப் போகிற அந்த அண்ணன் யார், அக்கா யார் என்று விசாரித்து வையுங்கள். போகும்போது கையில் கொஞ்சம் கருப்பட்டி மிட்டாய் இருக்கட்டும்.

"சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் எச்.எம். நான். 43 பிள்ளைகள், என்னையும் சேர்த்து 2 டீச்சர். எங்கள் சபையிலிருந்து வெளிநாடு போன ஒருவர் மூலமாக அமெரிக்காவில் ஒரு சிறிய எபிஸ்கோபல் பள்ளி எங்களோடு தொடர்பு வைக்க ஆசைப்படுகிறது. முதல் வேலையாக, பிள்ளைகளின் கஷ்டம் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார் நம்ம ஆள். அனுப்பலாமா?" (தலைமையாசிரியை)

அனுப்பாதீர்கள். தொடர்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, தொடர்பு நல்லது, ஆனால் அந்தப் போட்டோவில் தொடங்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள்தான். கூட்டிவந்த நம்ம ஆள்தான் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொன்னார், புதுச் சட்டை போட்டு வந்த பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அஞ்சாம் வகுப்பில் ஒரு பெண், அன்றைக்கென்று தலைக்கு எண்ணெய் வைத்துப் பிச்சிப்பூ வைத்து வந்திருந்தாள், அவளைப் பூவை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மறுவருஷம் ஒரு காலண்டர் வந்தது, அதில் அவள் படம், கீழே இங்கிலீஷில் ஏதோ வரி. ஆறாம் வகுப்புக்குப் போயிருந்த அந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "நான் பூ வச்சிருந்தேன்லா டீச்சர்" என்று மட்டும் கேட்டாள். நான் அன்றைக்குக் கூடவே நின்றிருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் வெள்ளாளன்விளை. அங்கே 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது, மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று அவர் பேசியதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். நன்றியும் சொன்னார், குறையையும் முகத்துக்கு நேரே சொன்னார். ரெண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அமெரிக்கப் பள்ளிக்கு நீங்கள் எழுதும் முதல் கடிதத்தில் இந்த மனுஷனைப் பற்றி எழுதுங்கள். அவர்கள் சபை வரலாற்றிலும் அவருக்கு இடம் இருக்கிறது.

இன்னொன்றும் எழுதுங்கள். வாங்குகிற கை மட்டும் இல்லை நம்முடையது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நம்ம ஆட்களை நம்ம பணத்தில் தெலுங்கு நாட்டுக்கு, தோர்னக்கல் பக்கம், அனுப்பி வைத்தார்கள் நெல்லைச் சபை மக்கள். பனையேறிக் குடும்பங்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் நிறைந்த சபை அது. இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகிற ஆச்சிமார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அமெரிக்க எபிஸ்கோபல் சபையிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம் ஒன்று 1889-லிருந்து இருக்கிறது. வீட்டில் ஒரு சின்ன நீலநிறப் பெட்டி, நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் அதில் ஒரு காசு. பெண்கள் தொடங்கியது அது. உங்கள் பிள்ளைகள் பிடியரிசிக் கலயத்தை வரைந்து அனுப்பட்டும், அவர்கள் நீலப் பெட்டியை வரைந்து அனுப்பட்டும். தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். வீடியோவில் பேசுவதென்றால் நேரம்தான் இடிக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் அவர்கள் குளிர்காலத்தில் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. நமக்கு ராத்திரி 7.30 என்றால் அவர்களுக்குக் காலை 9 அல்லது 10. அந்த நேரத்துக்குச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பது கிராமத்தில் சிரமம், அதனால் மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மாக்களோடு உட்கார வைத்துப் பேசுங்கள், மற்ற நாளெல்லாம் கடிதமும் படமும் போதும். இங்கிலீஷ் சரியாக வரவில்லையே என்று பிள்ளைகளின் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். தமிழில் எழுதட்டும், கீழே நீங்கள் மொழிபெயர்த்துப் போடுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நம் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் நாட்டில் புயல் அடித்தால் உங்கள் காலை ஜெபத்தில் அவர்கள் பள்ளியின் பெயர் வரட்டும், அதை அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். யாராவது நேரில் வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து மாலை போடச் சொல்ல வேண்டாம். ஓலைக்காற்றாடி செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும், மதியம் சத்துணவையே சேர்ந்து சாப்பிடட்டும். பசி என்று படம் காட்ட வேண்டிய நிலையிலும் நாம் இல்லை, 2024 ஜூலையிலிருந்து கிராமத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அரசின் காலை உணவு வருகிறதே. வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவை ஆன்லைனில் செய்துவிட வேண்டும், மறக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் பள்ளிக்குக் கழிவறையோ சுற்றுச்சுவரோ தேவையாக இருக்கும், தெரியும். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரிக்குப் பெயர் தந்த அம்மா இந்தியாவையே பார்த்ததில்லை. சென்னையில் இருந்த தன் சகோதரர் எழுதிய கடிதங்களைப் படித்து, நம்ம பெண்பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே உழைத்தவர். தூரத்திலிருந்து வருகிற உதவி பொய் இல்லை. ஆனால் ஒரு வருஷமாவது கடிதம் போய் வந்து, இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த பிறகு கேளுங்கள். அப்போது சுவருக்குப் பணம் கொடுக்கிற பிள்ளைக்கு அந்தச் சுவருக்குள் யார் விளையாடுகிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

"அமெரிக்காவில் உள்ள ஒரு பள்ளி எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பணம் அனுப்பினால் சபை ஆள் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?" (வாசகர், திசையன்விளை)

கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 இருக்கிறது, அதில் பதிவு செய்த அல்லது முன் அனுமதி வாங்கிய அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும், பதிவு உள்ள ஒரு அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பதிவு 5 வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பழைய மாணவர், இந்தியக் குடியுரிமை உள்ளவர், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். எதுவானாலும் ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள், நல்ல எண்ணத்தில் செய்து மாட்டிக்கொள்வது பள்ளிக்கூடம்தான்.

"எங்கள் பள்ளியில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கடிதத்தில் அந்தப் பெண் குதிரை ஓட்டுகிறாள், பியானோ வாசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு எழுத ஒன்றுமே இல்லை டீச்சர்." (ஒன்பதாம் வகுப்பு மாணவி, மூலைக்கரைப்பட்டி)

மகளே, உன் ஊரிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் எவ்வளவு தூரம்? சைக்கிளிலேயே போய்விடலாமே! இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டுகின்றன, குஞ்சு பயந்துவிடும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவளுக்கு இதை எழுது. ஒரு ஊரே சேர்ந்து பறவைக்காக வெடியை விட்டுக்கொடுக்கிறது என்று படித்தால் அவள் வகுப்பு முழுக்கப் போய்ச் சொல்லுவாள் பார்.

கிறிஸ்தவக் கோயிலில் ஊருக்கே போடுகிற விருந்தான அசனத்தைப் பற்றி எழுது. நீ எந்தச் சமயமோ தெரியாது, ஆனால் பக்கத்து ஊரில் கோயில் அசனத்துக்குப் போய் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிட்டிருப்பாய். அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு கொதிப்பதை, ராத்திரி முழுக்க ஆண்கள் விறகு தள்ளுவதை, மீதியைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவதை எழுது. அப்புறம் அவளைக் கேள்வி கேள். அந்தக் குதிரைக்குப் பெயர் என்ன, யார் தீனி வைக்கிறார்கள், உன் பள்ளியில் யாருடன் சண்டை, சாப்பலில் உனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேள். கேள்வி இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது கஷ்டம்.

முதல் கடிதத்தை வருகிற சனிக்கிழமைக்குள் எழுதி முடி. கூந்தன்குளத்தில் ஒரு இறகு கீழே கிடந்தாலும் எடுத்து உள்ளே வைத்துவிடாதே, சரணாலயத்திலிருந்து எடுக்கக் கூடாது. அதை வரைந்து வை.