ஸ்மித்துகள் எல்லாரும் ஒரே வம்சமா?

கேள்வி: இங்கிலாந்தில் எங்கு திரும்பினாலும் ஸ்மித் என்ற குடும்பப் பெயர்தான். கொல்லர் என்று பொருளாம். அங்கே அத்தனை கொல்லர்களா இருந்தார்கள்? 'ஸ்மித் குலச்சின்னம்' என்று கடைகளில் பலகைகூட விற்கிறார்களே, அப்படியானால் இவர்கள் ஒரே வம்சத்தவர்தானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டு அனுமானங்களுமே தவறு. இரண்டாவதை நம்பிப் பலர் பணத்தையும் இழப்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த சாதாரணக் குடிமக்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட் என்ற சில பெயர்களையே பெரும்பாலான ஆண்கள் தாங்கினார்கள். 1377இல், பிச்சையெடுத்துப் பிழைப்பவர் நீங்கலாக 14 வயது கடந்த ஆண், பெண் அனைவருக்கும் தலைக்கு 4 பென்னி வரி விதிக்கப்பட்டபோது, ஒரே ஊரின் பல ஜான்களைப் பிரித்துக் காட்ட இன்னொரு பெயர் இல்லாமல் கணக்கு எழுதுபவர் என்ன செய்வார்?

அந்த இன்னொரு பெயரின் வேலை, ஆளைப் பிரித்துக் காட்டுவது. ஊரில் பாதிப் பேர் ஏர் உழுதுகொண்டிருந்த காலத்தில் 'உழவர் ஜான்' என்றால் யாரென்று தெரியாது. உழவரைக் குறிக்கும் ப்ளோமன் என்ற குடும்பப் பெயர் இன்று அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். கொல்லரோ பெரும்பாலும் ஊருக்கு ஒருவர்தான். கலப்பைக்குக் கொழு அடிக்க, குதிரைக்கு லாடம் கட்ட, கதவுக்குக் கீல் செய்ய என்று ஊரே அவர் உலைக்களத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால், 'கொல்லர் ஜான்' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆக, கொல்லர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததால் அன்று, ஊர்தோறும் ஒருவர் இருந்ததால்தான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எத்தனையோ ஊர்களில் இந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்து பெருகியது.

இதை மரபணு ஆய்வும் உறுதிசெய்திருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும், குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ என்ற அரிய பெயருடையவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஏறக்குறைய ஒரே வகையாக இருந்தது. ஸ்மித்துகளிடையிலோ, வழியில் போகும் யாரோ இருவருக்கிடையே இருப்பதைவிட அதிக ஒற்றுமை இல்லை.

அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கில் 24 லட்சத்துக்கும் அதிகமானோர் ஸ்மித்துகள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். ஷ்மிட் என்ற ஜெர்மானியப் பெயரை மாற்றிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். இவர்களை எந்த வம்சத்தில் சேர்ப்பீர்கள்?

குலச்சின்ன வியாபாரம் அப்பட்டமான ஏமாற்று. இங்கிலாந்தில் சின்னம் வழங்கும் அதிகாரம், அரசரின் பெயரால் 1484 முதல் இயங்கிவரும் மரபுச் சின்னக் கல்லூரி (College of Arms) என்ற அமைப்புக்கு உரியது. சின்னம் வழங்கப்படுவது தனி மனிதருக்கு. அவருக்குப் பின் நேரடி ஆண்வழி வாரிசுகளுக்கு உரிமை. ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னமே கிடையாது. கடையில் விற்பது என்றோ ஒரு ஸ்மித் பெற்ற சின்னத்தின் நகலாக இருக்கலாம். அவருடைய வழித்தோன்றல் என்று உரிமை கோருபவர், 1538 முதல் எழுதப்பட்டுவரும் திருச்சபைப் பதிவேடுகள் போன்ற ஆவணங்களில் தம் தந்தைவழியைத் தலைமுறை தலைமுறையாகத் தேடி நிரூபிக்க வேண்டும்.