ஆளை எண்ணுவதா, மணியை எண்ணுவதா?

கேள்வி: குறைந்தபட்சக் கூலி உயர்வு வேலை நேரத்தைக் குறைக்கிறதா என ஆராயப் போகிறேன். எதை அளப்பது?

பதில்: தலைகளை எண்ணினால் போதாது, யாரையும் நீக்காமலே ஷிப்டைச் சுருக்கலாம். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்ச மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது, பொருளாதார அறிஞர்களான கார்டும் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களின் ஆள் எண்ணிக்கையை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாகக் கணக்கிட்டார்கள். அவருடைய வேலை வாரம் 15 மணி நேரத்திலிருந்து 25 ஆனாலும் அதில் தெரியாது.

சம்பளப் பதிவேட்டின் மணிக்கணக்கே நம்பகமானது. நேரில் கேட்டால் பலரும் ‘நாற்பது’ என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். சம்பளத்தை அந்த நேரத்தால் வகுத்து மணிக்கூலி கண்டால் வம்புதான்: நேரத்தை மிகைத்துச் சொன்னவருக்குக் கூலி குறைவாகத் தெரியும், நேரம் கூடக் கூலி குறைவதுபோல், இல்லாத எதிர்த்தொடர்பு முளைக்கும்.

உயர்வுக்கு முந்தைய ஓராண்டுத் தரவாவது வேண்டும். அறிவிப்புத் தேதியையும் குறியுங்கள். சிலர் அமலுக்கு முன்பே நேரத்தை வெட்டுவார்கள்.