தள்ளுபடிப் பலசரக்குக் கடையும் சமூக ஊடகமும்: கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம், கடைக்காரர்): ஐயா, வாட்ஸ்அப்பில் 600 வாடிக்கையாளர்களுக்குத் தினமும் விலைப்பட்டியல் அனுப்புகிறேன். பாதிப் பேருக்குக்கூடப் போய்ச் சேருவதில்லையே, ஏன்?

பதில்: ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும்; அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்துவைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி சென்றடையும். ஆகவே பட்டியலை மூன்றாகப் பிரித்து, பில் போடும் இடத்திலேயே எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு கேளுங்கள். தினமும் அனுப்ப வேண்டியதில்லை. சம்பளம் வந்து, மாதச் சாமானுக்குச் சிட்டை எழுதும் முதல் வாரத்தில் வரும் ஒரு செய்தியைத்தான் வீட்டில் உள்ளவர்கள் நின்று படிப்பார்கள்.

கேள்வி (வில்லாபுரம், கடைக்காரர்): உளுந்து விலையைக் குறைத்து ஃபேஸ்புக்கில் போட்டால் காலை பத்து மணிக்கே சரக்கு தீர்ந்துவிடுகிறது. பிறகு வந்தவர்கள் ஏமாற்றுக்காரன் என்று எழுதுகிறார்கள். அவற்றை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். சமயநல்லூரிலிருந்து பேருந்து ஏறி வந்து வெறும் பையுடன் திரும்பிய ஒரு பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சரக்கு போதாது என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் விலையை மட்டும் காட்டி அழைப்பதை, தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளும் ஏற்கவில்லை. சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை மூட்டை இருக்கிறது, ஒருவருக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். தீர்ந்தவுடன் அதே பதிவில் 'தீர்ந்தது' என்று எழுதுங்கள். திட்டியவருக்கு எல்லோரும் பார்க்கும்படி மன்னிப்புக் கேட்டு, அடுத்த சரக்கு வரும் நாளைச் சொல்லி, அவருக்கு ஒரு கிலோ எடுத்துவைப்பதாக எழுதுங்கள். சொன்னபடி எடுத்தும் வையுங்கள். அந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்கள்தாம் உங்கள் நாளைய வாடிக்கையாளர்கள்.

கேள்வி (மேலூர்): பிராட்காஸ்டுக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். குழுவில் ஒருவரது எண் மற்ற அனைவருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்களுக்கு அது தொல்லையாக முடியும்.

கேள்வி (அண்ணா நகர், வாடிக்கையாளர்): 'எம்.ஆர்.பி. 120, எங்கள் விலை 90' என்ற பதிவுகளை நம்பலாமா?

பதில்: எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த உச்ச விலை. பல கடைகள் அதற்குக் கீழேதான் விற்கின்றன. எனவே அந்த முப்பது ரூபாயைப் பார்க்காமல், அதே பொருள் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி, கடைக்காரர்): வெளிநாட்டுத் தள்ளுபடிக் கடைகள் இதை எப்படிச் செய்கின்றன?

பதில்: ஜெர்மனியில் தோன்றிய ஆல்டி என்ற தள்ளுபடிக் கடை மீது, தன் கம்பளிப்புழு வடிவ கேக்கைப் போலவே செய்ததாக பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை நிறுவனம் 2021இல் சட்ட நடவடிக்கை எடுத்தது. ஆல்டியோ தன் கேக்கான கத்பர்ட்டை விடுவிக்கும்படி ட்விட்டரில் குரல் எழுப்ப, மக்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு கலகலப்பு நமக்குத் தேவையில்லை. மக்கள் தாமாக வந்து பேசினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் மூட்டை பிரித்துப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கும் அரை நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து, 'அடுத்த வாரம் எதன் விலையைக் குறைக்கட்டும்?' என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்லும் பொருளின் விலையைக் கட்டாயம் குறையுங்கள்.