ரேடியேட்டர் கழுவுவது எப்படி? பழைய கார் கேள்வி-பதில்

அம்பாசடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீர் செம்மண் குழம்பாக வருகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (கரூர் வாசகர்)

மாற்ற வேண்டாம். அந்த ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். துரு வருவது என்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கிலிருந்து. அதைக் கழுவாமல் புதுசு போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஆறிய பிறகு தண்ணீர் வடிக்கும் ரேடியேட்டர் டேப், பிளாக் டேப் இரண்டையும் திறங்கள். பிளாக் டேப்பில் தண்ணீர் வராவிட்டால் டேப்பையே கழற்றிக் கம்பியால் குத்துங்கள். தெர்மோஸ்டாட்டையும் (தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இரண்டு ஹோஸ்களையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டருக்குக் கீழிருந்து மேலாகவும் என்ஜினுக்கு மேலிருந்து கீழாகவும் தண்ணீர் விடுங்கள். சேறு அதிகம் தங்குவது கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான். அங்கே இறுகிப்போயிருந்தால் கோர் பிளக்கை (பிளாக்கின் ஓட்டையை மூடும் தகட்டு மூடி) தட்டி எடுத்துத்தான் சுரண்ட வேண்டும்.

பத்மினிக்கு காஸ்டிக் சோடா ஊற்றலாமா? (சேலம்)

கூடாது. என்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், அரித்துவிடும்.

சிட்ரிக் ஆசிட் எவ்வளவு போடுவது? (பெயர், ஊர் இல்லை)

எந்த வண்டி என்றும் இல்லை! வண்டியின் பெயரும் மாடலும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? பொதுவாக லிட்டருக்கு 50 கிராம். அரை மணி நேரம் மிதமான சூட்டில் ஓடவிட்டு, ஆறியதும் வடித்துவிடுங்கள். கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒரு சுற்று, அப்புறம் வெறும் தண்ணீர். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். கழுவிய பிறகு ஒழுகினால் ஆசிட்டைத் திட்ட வேண்டாம். இத்தனை நாள் ஓட்டையை அடைத்திருந்தது உப்புப் படிவம்.

நம் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போதும் அம்பாசடர் சூடேறுகிறது. (சென்னை)

ஏறாமல் என்ன செய்யும்? வருகிற பழைய வண்டிகளில் பாதியில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. கேட்டால் எல்லோருக்கும் இதே வெயில் கதை. அது திறப்பதே 80 டிகிரி வாக்கில். வெளியே 40 டிகிரி அடித்தால் அதற்கென்ன? முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீரைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடாக நேரமாகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், ஆயில் கெடும், ரிங் தேயும், மைலேஜும் போகும். சூடேறுவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அடைத்த டியூப், தேய்ந்த வாட்டர் பம்ப், தளர்ந்த ஃபேன் பெல்ட், உள்ளே சப்பிப்போகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய டைமிங் (பிளக் பொறி தாமதமாக விழுவது) என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். திறக்காவிட்டால் புதுசு வாங்கிப் போடுங்கள். கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு அதை ரிப்பேர் என்று சொல்லக்கூடாது.

ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள்? (தஞ்சாவூர்)

சாம்பாருக்குப் போடுங்கள். நடுவழியில் வேறு வழியில்லாமல் போட்டிருந்தால், ஊர் வந்ததும் முழுவதும் கழுவிவிடுங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு எந்தக் கூலன்ட்? போர் தண்ணீர் போதுமா? (கோவை)

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நீங்கள் கழுவி எடுத்த உப்பு அதில்தான் வந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு பழைய ரகக் கூலன்ட் கலந்தால் போதும். உறைபனிக்காக அல்ல, துருவைத் தடுக்க. ஈயப்பற்று வைத்த ரேடியேட்டருக்கு நீண்ட ஆயுள் கூலன்டுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

சூடேறியதும் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். கை வெந்துவிட்டது. (வேலூர்)

கை பிழைத்ததே பெரிது. என்ஜின் ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட்டே விரிசல் விடலாம். அதையும் பாருங்கள்.

இரண்டு முறை கழுவியும் ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கிறது. (மதுரை)

மூன்றாம் முறை கழுவ வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். அது போனால் எண்ணெய் தண்ணீரில் கலக்கும்.